அடித்தகடு

சாக்கு விரித்த தரையில் மோட்டார் சைக்கிள் ஒருக்களித்துக் கிடந்தது. அதன் அடிப்பக்கத்தைப் பார்த்தபடி காளை குந்தியிருந்தான். மணி ஏழரை ஆகியும் அவன் கை ஸ்பானர் பக்கம் போகவில்லை.

ஏன் போகவில்லை என்பது போன வாரத்திலிருந்து இந்தக் கதையோடு கூட வருகிறவர்களுக்குத் தெரியும். இன்றைக்குத்தான் வந்து உட்கார்ந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்.

வண்டியின் கைப்பிடியில் கட்டியிருந்த அட்டையில் 'யேசுதாஸ், கம்பவுண்டர், மிஷன் ஆஸ்பத்திரி' என்று எழுதியிருந்தது. நர்ஸ் வேலைக்குப் படிக்கப் போன காளையின் தங்கை செல்லத்தாய்க்கு, ஆறு வருஷத்துக்கு முன்னால் பசுமலையில் சர்ச்சில் வைத்துத் தாலி கட்டியவன் அந்த யேசுதாஸ்தான்.

சேதி வந்த அன்றைக்கே வெள்ளப்பாறைப்பட்டியில் காளை கிணற்றடிக்குப் போய்த் தங்கைக்காகத் தலை முழுகினான். அப்பன் இல்லாத வீட்டில் அவன் வைத்ததுதான் சட்டம். ஊரும் சரி என்றது. அம்மா இருளாயி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாமலே இரண்டு வருஷம் அவனுக்குச் சோறு போட்டாள். ஒரு நாள் அவன் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தபோது வட்டிலைக் கவிழ்த்து வைத்தாள்.

"உன் தங்கச்சியக் கூட்டிட்டு வந்து வாசல்ல நில்லு. ரெண்டு பேருக்கும் சேத்துப் போடுறேன். தனியா நீயும் வராத, தனியா அவளும் வரவேண்டாம்."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தவன், பழங்காநத்தத்தில் கருத்தக்கண்ணனின் மோட்டார் பட்டறையில் வந்து நின்றான். நாலு வருஷம் ஓடிவிட்டது. பட்டறைக்குப் பின்னால் தகரம் போட்ட ஒற்றை அறை. ஒரு பாய், ஒரு டிரங்குப் பெட்டி. வெளியூர் லாரி ஏதாவது நடுவழியில் நின்றுவிட்டது என்று ஆள் வந்தால் முதலில் கிளம்புகிறவன் அவன்தான். தீபாவளி, பொங்கல் என்றால் கேட்காமலே கிளம்பிவிடுவான். ஊருக்குப் போகலையா என்று யாராவது கேட்டால், "போயிட்டு வந்துட்டேன்" என்று ஒரு பதில் வைத்திருந்தான்.

இந்த நாலு வருஷத்தில் தன் வீட்டு ஆள் ஒருவரின் பெயரை அவன் எழுத்தில் பார்த்தது அந்த அட்டையில்தான். அதுவும் தலை முழுகின வீட்டுப் பெயர்.

*

"என்னப்பா, வண்டிக்குச் சோசியம் பாக்கிறியா?"

முதலாளி கருத்தக்கண்ணன் வாயில் வேப்பங்குச்சியோடு வந்து நின்றார்.

"இத வேற யாருகிட்டயாச்சும் குடுத்துருங்கண்ணே."

"வேற யாரு இருக்கா இங்க? நீயும் நானும்தானே. எனக்குக் குனிஞ்சா நிமிர முடியாது." குச்சியைத் துப்பினார். "எஞ்சின் ஓட்டைய மேசையில வச்சு நானே அடைச்சிட்டேன். இனி அடியில ஒரு தகடு, காலுக்கு ஒரு காப்பு. பாதி நாள் வேலை. மருந்து கொண்டுபோற வண்டிப்பா. சட்டுனு முடிச்சுவிடு."

அவர் போய்விட்டார். வேலையைச் செய்யமாட்டேன் என்று வண்டிக்காரனிடமே சொல்லிவிடுவது என்று காளை தீர்மானித்தான். சொல்வதற்கு ஒரு வாக்கியத்தையும் தயார் பண்ணிக்கொண்டான். ஆனாலும் தொழில்காரன் கண் சும்மா இருக்காது. அது வண்டியின் வயிற்றிலேயே மேய்ந்தது.

பட்டாளத்தில் ஓடி, சண்டை முடிந்ததும் ஏலத்துக்கு வந்த வண்டி. எஞ்சினின் அடிப்பெட்டி அலுமினிய வார்ப்பு. அதில்தான் பத்து நாளைக்கு முன்னால் ஒரு பாறை முட்டியிருக்கிறது. பெட்டி விரிசல் விட்டு, எண்ணெய் அத்தனையும் வழிந்து, எஞ்சின் இறுகிப்போய், பின்சக்கரம் சுற்றாமல் நின்று ஆளைத் தூக்கி எறிந்திருக்கிறது. அந்த ஒரு அடி மட்டும் இல்லை. பெட்டி முழுக்கக் கீறல்கள். சரளைக்கல் இழுத்த மெல்லிய கோடுகள், கட்டை தட்டின பள்ளங்கள், ஒரே இடத்தில் மறுபடி மறுபடி விழுந்த ஆழமான தழும்பு ஒன்று.

அந்தத் தழும்பின் இடுக்கில் வெள்ளையாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. காளை நகத்தால் சுரண்டினான். சுண்ணாம்பு மாதிரி மாவாக உதிர்ந்தது. விரல் நுனியில் வைத்துத் தேய்த்துப் பார்த்தான்.

இந்த மண்ணை அவனுக்குத் தெரியும். சின்னப் பிள்ளையில் அதை முகத்தில் அப்பிக்கொண்டு ஆட்டம் போட்டிருக்கிறான். மேற்கே எத்தனையோ ஓடைகள் உண்டு. இவ்வளவு வெள்ளையாக அடிமண் கிடப்பது ஒரே ஓடையில்தான்.

*

எட்டரை மணிக்கு யேசுதாஸ் வந்தான்.

காளை அவனை அதற்கு முன் பார்த்ததில்லை. பார்க்காமலே ஆறு வருஷம் வெறுத்திருந்தான். அந்த வெறுப்புக்கு வசதியாக மனசில் ஒரு ஆளையும் செய்து வைத்திருந்தான்: நெடுநெடுவென்று, மீசையை முறுக்கிக்கொண்டு, பூட்ஸ் காலோடு நடுவீட்டுக்குள் வருகிற ஒருத்தன்.

வந்தவன் ஒல்லியாக இருந்தான். இடது மணிக்கட்டில் சிம்பு வைத்துக் கட்டி, கழுத்திலிருந்து துணியில் தொங்கவிட்டிருந்தான். ஒரு செருப்பின் வார் அறுந்து சணல் கயிற்றால் கட்டியிருந்தது.

"அண்ணே, வண்டி இன்னைக்கு ஆயிருமா?"

தயார் பண்ணின வாக்கியம் காளையின் நாக்கு வரைக்கும் வந்தது. ஆனால் கேட்டது வேறு.

"எந்தப் பாதையில ஓட்டுவீங்க?"

"அது எதுக்குண்ணே?"

"தார் ரோட்டுக்கு ஒரு தகடு, சரளைக்கு ஒரு தகடு, பாறைக்கு ஒரு தகடு. தெரியாம அடிக்க முடியாது."

யேசுதாஸ் ஒரு காலி டின்னைக் கவிழ்த்து உட்கார்ந்தான். "செக்கானூரணி வரைக்கும் ரோடு. அங்கேருந்து வடக்கே நாலு மைல் வண்டிப் பாதை. கடைசியில ஒரு ஓடை, குறுக்கே வெள்ளையா ஒரு பாறை. இந்த வழியில அதைத் தாண்டாம ஊருக்குள்ள போக முடியாது. அதுலதான் எப்பவும் அடிபடும்."

"எப்பவும்னா?"

"வாரத்துக்கு ரெண்டு தடவை. எட்டு மாசமா."

"அங்க என்ன சோலி?"

"ஒரு அம்மாவுக்குக் கால்ல புண்ணு. சர்க்கரை வியாதி, ஆறமாட்டேங்குது. போய்க் கட்டு மாத்தணும். நான் விழுந்ததிலிருந்து பத்து நாளா யாரும் போகலை." குரல் கொஞ்சம் இறங்கியது. "பத்து நாள் ரொம்பண்ணே. அந்தப் புண்ணுக்கு மூணு நாளே ரொம்ப."

"வீடு எது?"

கேட்ட பிறகுதான், இந்தக் கேள்விக்கும் தகட்டுக்கும் சம்பந்தமில்லை என்று காளைக்கு உறைத்தது. யேசுதாஸ் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

"ஓடைக்கு மேற்கே கடைசி வீடு. வாசல்ல வாகை மரம் நிக்கும்."

காளை எழுந்து, முதுகைக் காட்டிக்கொண்டு தகடு அடுக்கியிருந்த மூலைக்குப் போனான். அங்கே தேடுகிற மாதிரி வெகுநேரம் நின்றான். வேண்டிய தகடு முன்னாலேயே இருந்தது.

*

பழைய லாரி ஒன்றின் கால்மிதித் தகடு. அரைக்கால் அங்குல கனம். வண்டியின் சட்டத்துக்கு இரண்டு பக்கமும் அளவெடுத்து, சாக்கட்டியால் கோடு போட்டு, உளி வைத்து வெட்டினான். முன் நுனியை உலையில் பழுக்கக் காய்ச்சி, முறத்தின் நுனி மாதிரி மேலே ஏந்தி நிற்கும்படி வளைத்தான். கல் வந்து முட்டினால் நிற்காது. நுனியில் ஏறி அடியோடு வழுக்கிப் பின்னால் போய்விடும்.

யேசுதாஸ் சும்மா உட்காராமல் நல்ல கையால் தகட்டின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டான். வேண்டாம் என்று காளை சொல்லவில்லை.

"எஞ்சின் போல்ட்டிலேயே இதை மாட்டிட்டா சுலபமில்லையாண்ணே?"

"சுலபம்தான். கல்லுல பட்ட அடி தகடு வழியா நேரா எஞ்சினுக்குப் போயிரும். தகடு இருந்தும் இல்லாத மாதிரி." பட்டைக் கம்பியை வளைத்து வண்டிச் சட்டத்தின் குழாயைச் சுற்றிப் பிடி போட்டான். "அடியச் சட்டம் வாங்கிக்கணும். எஞ்சினுக்கும் தகட்டுக்கும் நடுவுல சுண்டுவிரல் போற அளவுக்கு இடம் விடணும். அப்பத்தான் தகடு நசுங்குனாலும் பெட்டி தப்பிக்கும்."

போல்ட்டுத் தலைகள் வெளியே துருத்திக்கொண்டு நிற்காமல் தகட்டுக்குள் அமிழும்படி குழி கடைந்தான். வெளியே நின்றால் கல் அதைப் பிடித்து இழுத்துவிடும். சேறும் தண்ணீரும் தங்காமல் வடிய ஆறு ஓட்டை. எண்ணெய் இறக்க ஒரு பெரிய ஓட்டை. கடகடவென்று சத்தம் போடாமலிருக்கப் பழைய டயரை அறுத்து இடையில் வைத்தான்.

வேலை மும்முரத்தில் பேச்சு தானாக வந்தது. பேசினது யேசுதாஸ்தான்.

"அந்த அம்மா என்னை யாரு என்னன்னு இதுவரைக்கும் கேட்டதில்லை. ஆஸ்பத்திரித் தம்பிம்பாங்க. கட்டு மாத்தி முடிச்சதும் ஒரு சொம்பு மோர் வச்சிருப்பாங்க. குடிச்சு முடிக்கிற வரைக்கும் பாத்துக்கிட்டே இருப்பாங்க. அப்புறம் ஒரே கேள்வி: 'உன் வீட்டுக்காரி நல்லா இருக்காளா?' ஒவ்வொரு தடவையும் கேப்பாங்க. சாப்பிடுறாளா, தூங்குறாளா, ராத்திரி வேலைக்குப் போட்டிருக்காகளான்னு அம்புட்டும் கேப்பாங்க." கொஞ்சம் நிறுத்தினான். "அவ பேரு என்னன்னு மட்டும் கேட்டதே இல்லை."

காளை தண்ணீர்க் குழாய் ஒன்றில் காய்ந்த மணலை நிரப்பிக்கொண்டிருந்தான். முழங்காலுக்கு முன்னால் வைக்கிற காப்புக்காக. மணல் நிரப்பிக் காய்ச்சி வளைத்தால்தான் குழாய் ஒடுங்காது. மணல் பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் விழுந்தது.

"அவுகளுக்கு வேற பிள்ளைக யாரும் இல்லியா?"

சாதாரணமாகக் கேட்கிற மாதிரிதான் கேட்டான்.

ரோட்டில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அந்தச் சத்தம் அடங்கும் வரை காத்திருந்து யேசுதாஸ் சொன்னான்.

"அதை நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரியணுமா, மச்சான்?"

குழாயிலிருந்த மணல் முழுக்கத் தரையில் கொட்டியது.

"எப்பத் தெரியும்?"

"கல்யாணம் ஆன நாள்லேருந்து உங்களைத் தெரியும். நீங்க இங்க இருக்கிறது நாலு வருஷமாத் தெரியும். பசுமலையிலேருந்து மதுரைக்கு வர்ற பஸ் இந்த வாசலைத் தாண்டித்தானே போகுது? அவ எப்பவும் இந்தப் பக்கத்து ஜன்னல்லதான் உக்காருவா. வீட்டுக்கு வந்து சொல்லுவா, அண்ணன் இன்னைக்கு லாரிக்கு அடியில படுத்திருந்துச்சு, காலு மட்டும் தெரிஞ்சதுன்னு. வண்டி உடைஞ்சதும், காளையண்ணனைத் தவிர வேற ஆளு கை வைக்கக்கூடாதுன்னு சொல்லி மாட்டு வண்டியில ஏத்திவிட்டதே அவதான்."

காளை ஸ்பானரைத் தூக்கி எறிந்தான். அது சுவரில் பட்டுத் தெறித்து, எண்ணெய் டின்களுக்கு நடுவில் போய் விழுந்தது.

"அப்ப எல்லாரும் சேந்து என்னைய வேடிக்கை பாத்திருக்கீக. நாலு வருஷமா!"

யேசுதாஸ் தலை குனிந்துகொண்டான். காளை விறுவிறுவென்று பின்னால் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினான்.

*

அறைக்குள் தகரம் காய்ந்து அனல் அடித்தது. பாயில் உட்கார்ந்தான்.

கோபம் வரும், வந்தால் அதைப் பிடித்துக்கொண்டு இன்னும் நாலு வருஷம் இருந்துவிடலாம் என்று நினைத்தான். அது வழக்கம்போல வரவில்லை. வந்தது லாரிக்கு அடியில் கிடந்த தன் கால்கள்தான். வெறும் காலை மட்டும் பார்த்து அண்ணன் என்று அடையாளம் கண்டுகொண்டு ஒருத்தி பஸ்ஸில் போயிருக்கிறாள். எத்தனை தடவை போயிருப்பாள்? அந்த நேரம் தலையை நீட்டியிருந்தால் கண்ணில் பட்டிருப்பாள். பட்டிருந்தால் தான் என்ன செய்திருப்போம் என்று யோசித்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்போம் என்பது நிச்சயமாகத் தெரிந்தது. அது அவனுக்கே பொறுக்கவில்லை.

அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி என்பதே அவனுக்குத் தெரியாது. மாசத்துக்கொருமுறை ஊர்ப்பக்கம் போகிற வண்டிக்காரன் சின்னச்சாமியிடம் அரிசியும் கருப்பட்டியும் கொடுத்தனுப்புவான். கருப்பட்டி! அம்மா எப்படியிருக்கா என்று கேட்டால் சின்னச்சாமி "இருக்காக" என்பான். அதற்கு மேல் அவனும் கேட்டதில்லை.

வெளியே ஏதோ உலோகம் உரசும் சத்தம் கேட்டது. கதவைத் திறந்து எட்டிப் பார்த்தான். யேசுதாஸ் முழங்கால் போட்டு உட்கார்ந்து, ஒற்றைக் கையால் அந்த ஸ்பானரைப் பிடித்துத் தகட்டின் போல்ட்டை முறுக்கப் பார்த்துக்கொண்டிருந்தான். ஸ்பானர் வழுக்கி வழுக்கி விழுந்தது. புறங்கையில் தோல் உரிந்து ரத்தம் கசிந்திருந்தது. அதைச் சட்டையில் துடைத்துவிட்டு மறுபடியும் வைத்தான்.

காளை வந்து பக்கத்தில் உட்கார்ந்து கையை நீட்டினான். யேசுதாஸ் ஸ்பானரைக் கொடுத்தான்.

மூன்று மணிக்கெல்லாம் எல்லாம் முடிந்தது. வண்டியை நிமிர்த்தி நிறுத்தினார்கள். அடியில் தகடு, முன்னால் கால் காப்பு. முன்விளக்கில் வேலிமுள் கீறாமலிருக்கக் கம்பி வலையும் போட்டிருந்தான். அதை யாரும் கேட்கவில்லை. கருத்தக்கண்ணன் வந்து குனியாமலே காலால் தகட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இனிப் பாறைதான் பயப்படணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

யேசுதாஸ் மருந்துப் பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறப்போனான்.

"ஒத்தக் கையால எப்படி ஓட்டுவீக?"

"மெதுவாப் போயிருவேன்."

"இன்னொரு கையையும் ஒடிச்சுக்கவா? நகருங்க." காளை கைப்பிடியைப் பிடித்தான். "பின்னால ஏறுங்க. ஓடை வரைக்கும் கொண்டுபோயி விடுறேன். தகடு தாங்குதான்னு பாக்கணும்ல."

கடைசி வாக்கியத்தை அவன் சொல்லியிருக்க வேண்டியதில்லை. யேசுதாஸ் அதை நம்பினவன் மாதிரி தலையை ஆட்டிவிட்டுப் பின்னால் ஏறிக்கொண்டான்.

*

நாகமலையை வலப்பக்கம் விட்டு வண்டி மேற்கே ஓடியது. கார்த்திகை மாசம். கண்மாய்கள் நிறைந்து, கரையோரம் நெல் பச்சையாக நின்றது. எதிரே வெயில் முகத்தில் அடித்தது. செக்கானூரணியில் வடக்கே திரும்பினதும் பாதை வண்டித்தடமாகியது. கருவேலங்கிளைகள் விளக்கு வலையைப் பிராண்டிக்கொண்டு போயின.

இந்தப் பாதையில் அவன் தலையில் புல்லுக்கட்டோடு நடந்திருக்கிறான், மாட்டை ஓட்டிக்கொண்டு போயிருக்கிறான். தங்கையைத் தோளில் தூக்கிக்கொண்டு அழகர்கோவிலுக்குப் போகும் வண்டிகளைப் பார்க்க ஓடியிருக்கிறான். ஒவ்வொரு திருப்பமும் தெரிந்திருந்தது. எதிரே வந்த ஆட்கள்தான் தெரியவில்லை. இரண்டு பேர் ஒதுங்கி நின்று வழிவிட்டார்கள். ஆஸ்பத்திரி வண்டி என்று ஒருவன் சொல்வது காதில் விழுந்தது.

ஓடை வந்தது. முழங்காலுக்குக் கீழே தண்ணீர். நடுவில் வெள்ளைப் பாறை முதுகைக் காட்டிக்கொண்டு கிடந்தது.

ஓடை வரைக்கும் என்றுதான் சொல்லியிருந்தான். காளை வண்டியை நிறுத்தவில்லை. கியரை இறக்கி, ஒரே சீராக உள்ளே விட்டான். முன்சக்கரம் பாறையில் ஏறியது. வண்டி ஒரு பக்கம் சரிந்தது.

"மாப்ள, இறுக்கிப் புடிங்க!"

அடியில் 'ணங்'கென்று ஒரு பெரிய சத்தம். அதன் பின்னாலேயே கொல்லன் பட்டறையில் அரம் போடுகிற மாதிரி நீளமாக ஒரு 'கர்ர்ர்'. நுனி ஏறி, தகடு வழுக்கி, பின்சக்கரம் பாறையை உதைத்துத் தள்ள, வண்டி அக்கரையில் போய் நின்றது. எஞ்சின் ஒரு துடிப்பும் தப்பாமல் ஓடிக்கொண்டிருந்தது.

யேசுதாஸ் இறங்கிக் குனிந்து பார்த்தான். "ஒரு சொட்டு எண்ணெய் இல்லை மச்சான்!" என்று கத்தினான். அவன் முகமெல்லாம் தண்ணீர். சிரித்துக்கொண்டிருந்தான்.

என்ன சொல்லிக் கூப்பிட்டோம் என்பது காளைக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. வாயைத் துடைத்துக்கொண்டான். கூப்பிட்டது கூப்பிட்டதுதான்.

*

வாகை மரத்தடியில் வண்டியை நிறுத்தினார்கள். வாசல் கூட்டித் தெளித்திருந்தது. கதவு பூட்டியிருந்தது.

நடக்க முடியாத அம்மா எங்கே போயிருப்பாள்? காளை பூட்டைத் தொட்டுப் பார்த்தான். அது அவன் வாங்கிப்போட்ட பூட்டு இல்லை, புதிது. வாசல்படியில் அவன் கால் வைக்கவில்லை. வைக்கலாமா கூடாதா என்பதைச் சொல்ல உள்ளே ஆளும் இல்லை.

பக்கத்து வீட்டிலிருந்து இளவயசுப் பெண் ஒருத்தி, இடுப்பில் பிள்ளையோடு வந்தாள். காளைக்கு அவளைத் தெரியவில்லை. அவன் போன பிறகு இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். யேசுதாஸுக்குத் தெரிந்திருந்தது.

"தங்கப்பொண்ணு, அம்மா எங்கே?"

"ஆசுபத்திரி அண்ணனா! உங்களுக்குத் தெரியாதா? நேத்துச் சாயங்காலம் கூண்டுவண்டி கட்டிக்கிட்டு அவுக மக வந்துச்சு. வெள்ளைச் சீலை கட்டிக்கிட்டு, உங்க ஆசுபத்திரியில வேலை பாக்குதாமே. ராத்திரி பூராம் அம்மாகூட இருந்துட்டு, விடியங்காட்டி வண்டியில படுக்கவச்சு, ஓடை ஆகாதுன்னு திருமங்கலம் பாதையா ஆசுபத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போயிருச்சு."

யேசுதாஸ் பாதையைத் திரும்பிப் பார்த்தான். "ராத்திரி டூட்டின்னுதானே என்கிட்ட சொல்லிட்டுப் போனா..." என்று தனக்குள் சொல்லிக்கொண்டான்.

தனியாக வரவேண்டாம் என்று அம்மா சொல்லியிருந்தாள். செல்லத்தாய் தனியாகத்தான் வந்திருக்கிறாள். வந்து கதவைத் தட்டியிருக்கிறாள். கதவும் திறந்திருக்கிறது. அவ்வளவு சுலபமாகவா இருந்தது அது?

"கால் எப்படி இருந்துச்சு?" என்று யேசுதாஸ் கேட்டான்.

"விரலெல்லாம் கறுத்துப்போச்சுண்ணே. பக்கத்துல நிக்க முடியல. நாளைக்குக் காலையில டாக்டரு காலை எடுக்கணுமாம், எடுத்தாத்தேன் உசுரு நிக்குமாம். அந்த அக்கா அழுதுக்கிட்டே சொல்லுச்சு. அம்மா ஒத்துக்கல." அவள் காளையை ஏற இறங்கப் பார்த்தாள். எண்ணெய்க் கறை படிந்த சட்டை, வெள்ளைச் சேறு தெறித்த முகம். "சாவி எங்கிட்டத்தேன் இருக்கு. அவுக வீட்டாளுக வந்தா மட்டும் குடுக்கணும்னு சொல்லிட்டுப் போனாக. இவுக யாரு? நீங்க புதுசா வச்ச டிரைவரா?"

யேசுதாஸ் வாயைத் திறந்தான். காளை கையைக் காட்டி அவனை நிறுத்தினான்.

"நான் இருளாயி மகன்."

அவள் பிள்ளையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றினாள். கண் விரிந்தது.

"ரெங்கூன் அண்ணனா!"

காளைக்குப் புரியவில்லை.

"நான் இந்த ஊருக்கு வந்த நாள்லேருந்து சொல்லுவாகளே! மகன் ரெங்கூன்ல பெரிய மோட்டார்க் கம்பெனியில இருக்கான், சண்டை வந்து கப்பல் நின்னுபோச்சு, அதுதேன் வர முடியலன்னு. சண்டை முடிஞ்ச பிறகு ஊர்ல எல்லாரும் கேட்டாக, இன்னுமா கப்பல் விடலன்னு. விடல விடலம்பாக."

வாகை நெற்றுகள் காற்றில் கலகலத்தன. பழங்காநத்தம் அங்கிருந்து பதின்மூன்று மைல்.

"காலையில வண்டியில ஏத்தும்போதுகூட அதுதேன் பேச்சு. 'என் மகன் வந்து சரின்னு சொல்லணும், அது வரைக்கும் என் காலை ஒருத்தரும் தொடக்கூடாது'ன்னாக. ரெங்கூன்ல இருக்கவுக நாளைக்குக் காலையில எப்படி அத்தை வருவாகன்னு நான் கேட்டேன். 'அவன் பக்கத்துலதேன் இருக்கான், வருவான்'னாக. வலியில பிதற்றுறாகன்னு நெனச்சேன்." அவள் சேலை முந்தியில் முடிந்திருந்த சாவியை அவிழ்த்து நீட்டினாள். "எப்பண்ணே வந்தீக?"

காளை சாவியை வாங்கவில்லை. பூட்டிய கதவை ஒரு தடவை பார்த்தான். பிறகு வண்டியைத் தள்ளித் திருமங்கலம் பாதையின் பக்கம் திருப்பி, யேசுதாஸ் ஏறுவதற்காகப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"இன்னைக்குத்தேன்" என்றான்.